காற்றுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள்

வானிலை மாதிரி ஒன்றைக் கணினியில் முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் மாணவருக்கு அநேகமாக ஒரு விபத்து காத்திருக்கும். வளிமண்டலம் வெடித்துவிடும். வெளியே இருப்பது அல்ல, கணினிக்குள் இருப்பது. திரையில் வரிகள் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஏதோ ஒரு மலைச்சரிவுக்கு மேலே காற்றின் வேகம் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் என்று ஏறும். அடுத்த சில வரிகளில் எண்களே காணாமல் போய், ‘இது எண் அல்ல’ என்று பொருள்படும் குறி மட்டும் வரிசையாக வந்து நிற்கும். “மாடல் ப்ளோ-அப் ஆயிடுச்சு” என்பார் பக்கத்து இருக்கைக்காரர், தலையைக்கூடத் திருப்பாமல். அவருக்கும் ஆகியிருக்கும்.

பெரும்பாலும் காரணம், அமைப்புக் கோப்பில் உள்ள ஒரே ஒரு வரி. உலகெங்கும் மாணவர்கள் கை பழகுவது டபிள்யூ.ஆர்.எஃப். என்ற அமெரிக்க மாதிரியில். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதன் ‘நேம்லிஸ்ட்’ கோப்பில் காலப்படி என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். கணினி ஒரே தாவலில் எத்தனை நொடி முன்னே போகலாம் என்பதுதான் காலப்படி. மாதிரி நிலப்பரப்பைப் பிரித்துக்கொள்ளும் கட்டத்தின் அகலம் எத்தனை கிலோமீட்டரோ அதை ஆறால் பெருக்கி அத்தனை நொடி வைப்பது வழக்கம். 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு 18 நொடி. நாளைய வானிலை வேண்டுமென்றால் 24 மணி நேரத்தை 4,800 தாவல்களில் கடந்தாக வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று 60 நொடி போட்டுப் பார்க்கிறவர் வெடிப்பைப் பார்ப்பார்.

ஏன் வெடிக்க வேண்டும்? மாதிரி என்பது காற்றைப் பெட்டி பெட்டியாக வெட்டி வைத்திருக்கும் ஒரு கணக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வெப்பநிலை, ஒரு காற்றழுத்தம், ஓர் ஈரப்பதம், ஒரு காற்று வேகம். பெட்டி தன் அண்டை வீடுகளிடம் மட்டுமே பேசும்: உன்னிடமிருந்து எனக்கு எவ்வளவு காற்று வந்தது, என்னிடமிருந்து உனக்கு எவ்வளவு போயிற்று. ஒரு காலப்படிக்குள் காற்றோ அலையோ அண்டைப் பெட்டியையும் தாண்டி அதற்கு அப்பால் போய்விட்டால் கணக்கு பொய்யாகிவிடும். அந்தப் பொய் அடுத்த படியில் பெருகும், அதற்கடுத்த படியில் இன்னும் பெருகும். இந்த வரம்பைக் கண்டுபிடித்து எழுதியவர்கள் கூராண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற மூன்று கணித அறிஞர்கள். ஆண்டு 1928. மின்னணுக் கணினி என்ற ஒன்றே உலகில் இல்லாதபோது, அது எப்போது வெடிக்கும் என்று சொல்லிவைத்துவிட்டார்கள். இன்றும் மாடல் எச்சரிக்கை விடும்போது அந்த மூவரின் முதலெழுத்துகளைத்தான் திரையில் காட்டுகிறது.

இதிலிருந்து ஒரு கொடூரமான கணக்கு பிறக்கிறது. கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கிழக்கு மேற்காகப் பெட்டிகள் இரண்டு மடங்கு, வடக்கு தெற்காக இரண்டு மடங்கு. பெட்டி சிறுத்ததால் காலப்படியும் பாதியாக வேண்டும். அது இன்னொரு இரண்டு மடங்கு. ஆக, படம் இரட்டிப்புத் தெளிவாக வேண்டுமென்றால் வேலை எட்டு மடங்கு. 2025 மே மாதம் இந்தியா தன் உலகளாவிய கணிப்பின் கட்டத்தை 12 கிலோமீட்டரிலிருந்து 6 கிலோமீட்டராகக் குறைத்தது. அதை உருவாக்கிய புனே இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் ‘அர்க்கா’ என்ற மீக்கணினியின் திறன் 11.77 பெட்டாஃப்ளாப்ஸ். புரியும்படி சொன்னால், உலகத்தின் 800 கோடிப் பேரும் தூங்காமல் நொடிக்கு ஒரு கணக்கு போட்டால், அர்க்கா ஒரு நொடியில் முடிப்பதை முடிக்கப் பதினேழு நாள் ஆகும்.

இவ்வளவு இயந்திரத்தையும் ஓட்டும் சமன்பாடுகள் எத்தனை என்று கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஒரே தாளில் எழுதிவிடலாம். நார்வே நாட்டு அறிஞர் வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் 1904-லேயே பட்டியலைக் கொடுத்துவிட்டார்: அழுத்தம், வெப்பநிலை, அடர்த்தி, ஈரப்பதம், மூன்று திசைகளில் காற்றின் வேகம். ஏழு தெரிந்தால் போதும். இயற்பியல் விதிகள் அடுத்த கணத்தைச் சொல்லிவிடும். நியூட்டனின் விதியும் வெப்ப இயக்கவியலும் கல்லூரியில் இயற்பியல் படித்தவருக்குப் புதிதல்ல. அப்படியென்றால் வானிலை மாதிரிகளில் வேலை செய்யும் வளிமண்டல அறிவியலாளர், துறைக்குள் ‘மாடலர்’ எனப்படுபவர், நாள் முழுவதும் என்னதான் செய்கிறார்? சமன்பாட்டுக்குள் அடங்காத எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார் என்பதே என் பதில். அந்த ‘எல்லாவற்றிலும்’தான் சுவாரசியம்.

முதலில் மாட்டிக்கொண்டவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். ஆங்கிலேயர், போரில் ஆயுதம் ஏந்த மறுக்கும் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். முதல் உலகப் போரின்போது பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிச்செல்லும் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு நேரத்தில், குளிர்ந்த கொட்டகையில், வைக்கோல் குவியலை மேசையாக்கிக்கொண்டு, 1910 மே 20 அன்றைய மத்திய ஐரோப்பிய வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு நாளின் வெறும் ஆறு மணி நேரத்துக்கான கணிப்பு. சுமார் ஆறு வாரம் ஆயிற்று. இடையில் கையெழுத்துப் பிரதி தொலைந்துபோய், சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது.

விடை? ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்று வந்தது. அன்று உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. 145 எவ்வளவு அபத்தம் என்பதற்கு ஓர் அளவு: கடல்மட்டத்தில் சராசரி அழுத்தம் 1,013. உலகில் இதுவரை பதிவானவற்றுள் மிக ஆழமான புயல், 1979-இல் பசிபிக்கில் உருவான ‘டிப்’. அதன் மையத்தில் 870. வித்தியாசம் 143. மனிதர் பார்த்ததிலேயே பெரிய புயலின் முழுப் பள்ளத்தையும் தூர்த்து அதற்கு மேலும் இரண்டு புள்ளி ஏற்றியிருந்தார் ரிச்சர்ட்சன், சும்மா இருந்த ஒரு காலைப்பொழுதில். அதைவிட ஆச்சரியம், 1922-இல் வெளியிட்ட நூலில் இந்தத் தோல்வியை வரி விடாமல் அச்சிட்டார் என்பது. பின்னாளில் ஐரிஷ் அறிஞர் பீட்டர் லின்ச் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். சமன்பாடுகளில் கோளாறு இல்லை. தொடக்கத்தில் ஊட்டிய காற்று வேகமும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அதனால் கணக்குக்குள் போலி அலைகள் எழுந்துவிட்டன. தொடக்க எண்களை மட்டும் சீராக்கியபோது உண்மைக்கு அருகிலேயே விடை வந்தது.

மின்னணுக் கணினி முதன்முதலில் வானிலை கணித்தது 1950-இல். எனியாக் இயந்திரம், ஜூல் சார்னி, ஃபியோர்டாஃப்ட், வான் நியூமன் குழு. அதன் கட்டத்தின் அகலம் 736 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலை வழியாகப் போகும் தூரத்தைவிட அதிகம். 24 மணி நேரக் கணிப்பைப் போட 24 மணி நேரம் ஆனது. நாளை வருவதை நாளைக்கே சொல்லும் கருவி! ஆனாலும் படம் பரவாயில்லாமல் வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. 2008-இல் லின்ச் அதே கணக்கை ஒரு நோக்கியா 6300 கைபேசியில் ஓட்டினார். ஒரு நொடிகூட ஆகவில்லை.

ரிச்சர்ட்சன் விட்ட இடத்திலிருந்துதான் மாடலரின் முதல் பெரிய வேலை தொடங்குகிறது: இந்தக் கணத்தில் காற்று எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இந்திய நேரம் அதிகாலை 5.30, மாலை 5.30 ஆகிய இரு வேளைகளுக்காகவும் உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து பலூன்கள் மேலே போகின்றன. சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போகும். கீழே ரேடியோசோண்டு என்ற சிறு பெட்டி தொங்கும். நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டே வெப்பநிலை, ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் அது ரேடியோவில் சொல்லிக்கொண்டு போகும். மேலே போகப் போக வெளியழுத்தம் குறைவதால் பலூன் ஊதிப் பெரிதாகும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில், தரையில் உள்ள அழுத்தத்தின் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே மிஞ்சியிருக்கும் இடத்தில், வெடித்து விழும்.

பலூன் நிலத்திலிருந்துதான் போகிறது. நமக்கு மழை கொண்டுவரும் வங்காள விரிகுடாவுக்கு மேல் யார் அளப்பது? சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நங்கூரமிட்டு வைத்திருக்கும் மிதவைகள் சில உண்டு. மீதி, செயற்கைக்கோள்களின் பொறுப்பு. இங்கே ஒரு நுணுக்கம். செயற்கைக்கோள் வெப்பநிலையை அளப்பதில்லை. கீழிருந்து வரும் கதிர்வீச்சை மட்டும்தான் அளக்கிறது. எனவே கணினியிடம் தலைகீழாகக் கேட்கிறார்கள்: உன்னிடம் உள்ள காற்று உண்மையாக இருந்தால், இந்தச் செயற்கைக்கோள் மேலிருந்து எவ்வளவு கதிர்வீச்சைப் பார்த்திருக்கும்? கணினி அதைக் கணக்கிடும். உண்மையில் வந்த அளவோடு ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால் தன் காற்றை லேசாகத் திருத்திக்கொள்ளும். ஜி.பி.எஸ். சமிக்ஞை வளிமண்டலத்தின் விளிம்பு வழியாக வரும்போது சற்றே வளைகிறது அல்லவா, அந்த வளைவிலிருந்துகூட வெப்பநிலையைக் கறந்துவிடுகிறார்கள்.

இதற்குத் தரவு உள்வாங்கல் என்று பெயர். சில மணி நேரம் முன்பு மாதிரி சொன்ன கணிப்பு ஒரு கையில். இப்போது வந்த அளவீடுகள் மறு கையில். இரண்டிலும் பிழை உண்டு. எதை எவ்வளவு நம்புவது என்பதற்குக் கணிதம் ஒரு நடுவழி சொல்கிறது. பயணிகள் விமானங்களும் பறந்துகொண்டே வெப்பநிலையும் காற்றும் சொல்வதால், 2020-இல் கொரோனா பரவி விமானங்கள் நின்றபோது உலக வானிலை மையங்களுக்கு வரும் தரவு சட்டென்று வற்றியது. ஊரடங்கு மாடலர்களை இப்படியும் பாதித்தது.

இரண்டாவது பெரிய வேலை, மேகம். என் கணக்கில் இந்தத் துறையின் ஆழமான குழி இதுதான். கட்டம் 12 கிலோமீட்டர் என்றால் ஒரு பெட்டியின் பரப்பு 144 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி முழுவதும் மூன்றே பெட்டிகளில் அடங்கிவிடும். தொட்டபெட்டாவும் அதன் பெட்டிக்குள் 2,637 மீட்டராக இருக்க முடியாது. சுற்றியுள்ள பள்ளங்களோடு சராசரியாகிக் குட்டையாகிவிடும். ஆனால் கோடை மாலையில் எழும்பும் ஒரு மேகத்தூணின் அகலம் சில கிலோமீட்டர்தான். அதற்குள் ஒரு மழைத்துளி உருவாகச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும். பெட்டியின் கண்ணுக்கு இது எதுவுமே தெரியாது.

தெரியாததை விட்டுவிடவும் முடியாது. மழையே அங்கிருந்துதான் வருகிறது. அதனால் பெட்டியின் சராசரி வெப்பமும் ஈரமும் இப்படி இருந்தால் உள்ளே இத்தனை மேகம் எழும்பியிருக்கும், இவ்வளவு மழை பெய்திருக்கும் என்று ஓர் ஊகச் சூத்திரம் எழுதுகிறார்கள். இதை அளவுருவாக்கம் என்பார்கள். நேம்லிஸ்ட் கோப்பில் வெப்பச்சலனத்துக்கு ஒரு வரி உண்டு. அதில் 1 போட்டால் ஒருவர் எழுதிய மேகம், 2 போட்டால் இன்னொருவர் எழுதிய மேகம், 0 போட்டால் சூத்திரமே வேண்டாம், பெட்டியே பார்த்துக்கொள்ளட்டும் என்று பொருள். கட்டம் மூன்று, நான்கு கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் 0 போடத் துணிவார்கள். எண்ணை மாற்றினால் அதே நாளில், அதே ஊரில் வேறு மழை பெய்யும். ஆய்வு மாணவர் ஒருவரின் முதல் ஆண்டு பெரும்பாலும் இந்த எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே போய்விடும்.

ஊகச் சூத்திரங்களுக்கென்று பழக்கதோஷங்களும் உண்டு. வெப்பமண்டல நிலப்பகுதிகளில் வெப்பச்சலன மழை மாலையில் வரும்; பல மாதிரிகளில் அது நண்பகலிலேயே பெய்து முடிந்துவிடும். வானம் விட்டு விட்டுக் கொட்டுவதை அவை நாள் முழுவதும் தூறலாக்கிவிடும். இன்னொரு விசித்திரம், இரண்டு பிழைகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று மறைத்துவிடுவது. ஒரு மாடலர் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒன்றைச் சரிசெய்வார். கணிப்பு முன்பைவிட மோசமாகும். மறைந்திருந்த மற்றொன்று வெளியே வந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

மேகத்தை ஆராயலாம் என்ற எண்ணமே ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டது. அதை மீறி மேகத்தைத் தேர்ந்துகொண்ட ஜோன் சிம்ப்சன் 1949-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் வானிலையியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். வெப்பமண்டலத்தில் ஓங்கி எழும் சில மேகத்தூண்களே கடல்மட்டத்து வெப்பத்தை வளிமண்டலக் கீழடுக்கின் உச்சிக்கு ஏற்றிச் செல்கின்றன என்று 1958-இல் ஹெர்பர்ட் ரீலுடன் சேர்ந்து காட்டினார். மாடலர்கள் இன்று பெட்டிக்குள் ஊகித்துக்கொண்டிருப்பது அந்தத் தூண்களைத்தான்.

ஊகம் எங்கே உதைக்கும் என்பதற்குக் காயல்பட்டினத்தைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு நமக்குத் தேவையில்லை. 2023 டிசம்பர் 18 காலை 8.30-உடன் முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே 95 சென்டிமீட்டர் மழை. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 95 கோடி லிட்டர். 9,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் ஒரு லட்சத்துக்கும் மேல். அதே நாள் பக்கத்துத் திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. வானிலை ஆய்வு மையத்தின் வகைப்பாட்டில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் ‘அதி கனமழை’. அதற்கு மேல் சென்டிமீட்டர் கணக்கில் இன்னொரு வகை கிடையாது. சில கிலோமீட்டர் நகர்ந்தால் இருபது, முப்பது சென்டிமீட்டர் மாறும் மழையை 144 சதுர கிலோமீட்டர் சராசரியில் தேடுவது எப்படி என்பதே 6 கிலோமீட்டருக்கும் அதற்குக் கீழும் இறங்க வேண்டியிருப்பதன் காரணம்.

அளவீடும் மேகமும் சரியாகவே அமைந்தாலும் ஒரு வேலி இருக்கிறது. எட்வர்ட் லொரென்ஸ் 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தன் சிறிய மாதிரியை மறுபடி ஓட்ட, அச்சிட்ட தாளிலிருந்து ஓர் எண்ணை எடுத்துத் தட்டினார். இயந்திரத்துக்குள் இருந்தது 0.506127, தாளில் இருந்தது 0.506. காப்பி குடித்துவிட்டுத் திரும்பினால், இரண்டு மாத வானிலைக்குள் இரு ஓட்டங்களும் முழுக்கப் பிரிந்திருந்தன. வால்வு ஏதோ எரிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாராம். தொடக்கத்தில் இருந்த இம்மி வித்தியாசம் பெருகிப் பெருகி எல்லாவற்றையும் மாற்றிவிட்டிருந்தது. இதிலிருந்து பிறந்த பட்டாம்பூச்சிக் கதை எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த இயந்திரத்துக்கு நிரல் எழுத அவரிடம் இருந்தவர்களில் ஒருவர் மார்கரெட் ஹாமில்டன். பின்னாளில் அப்பல்லோ விண்கலத்தின் மென்பொருளை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவரேதான்.

லொரென்ஸின் வேலியைத் தாண்ட முடியாது என்றதும் மாடலர்கள் அதற்குள்ளேயே வழி கண்டுபிடித்தார்கள். ஒரு கணிப்புக்குப் பதில் பல கணிப்புகள், ஒவ்வொன்றும் சற்றே மாறிய தொடக்கத்தோடு. இது குழுக் கணிப்பு. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையமும் அமெரிக்க மையமும் 1992 முதல் இப்படி ஓட்டுகின்றன. இந்தியாவில் 2018 ஜூனிலிருந்து 21 கணிப்புகள் 12 கிலோமீட்டர் கட்டத்தில் ஓடத் தொடங்கின. எல்லாம் ஒரே இடத்தில் புயலைக் காட்டினால் நம்பலாம். விசிறிபோல விரிந்தால் உஷார். தொடக்கத்தை எந்தத் திசையில் மாற்றுவது என்பதில் பெரும் பங்காற்றியவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த யூஜினியா கால்னே: வேகமாக வளரக்கூடிய பிழைகளை மாதிரிக்குள்ளேயே ‘வளர்த்தெடுத்து’, அவற்றையே ஊட்டலாம் என்றார்.

இன்னும் ஒருவர், 1932-இல் சென்னையில் பிறந்த டி.என். கிருஷ்ணமூர்த்தி. அமெரிக்காவில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். பல நாடுகளின் மாதிரிகளை எடுத்துக்கொள். ஒவ்வொன்றும் கடந்த காலத்தில் எந்த இடத்தில், எவ்வளவு பிசகியது என்று பார். அந்தப் பிசகுக்கு ஏற்ப எடைபோட்டுச் சேர். 1999-இல் அவர் குழு வெளியிட்ட இந்த ‘சூப்பர் என்செம்பிள்’ தனித்தனி மாதிரிகளைவிட நன்றாகவே கணித்தது. பிழையைத் துடைத்து எறியாமல் அதையே மூலதனமாக்கிய யோசனை அது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது.

இவர்களில் பலரும் வானிலையைத் தேடி வந்தவர்கள் அல்ல. லொரென்ஸ் கணிதம் படித்துக்கொண்டிருந்தவர். இரண்டாம் உலகப் போர் அவரை ராணுவ வானிலைப் பயிற்சியில் கொண்டுபோய் விட்டது. சார்னியும் கணிதத்திலிருந்து வந்தவர். இன்றும் வாசல் அதுதான். இயற்பியலோ கணிதமோ பொறியியலோ படித்தவர்கள் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், விசாகப்பட்டினத்தின் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும், டெல்லி ஐ.ஐ.டி.யிலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் வளிமண்டல அறிவியலுக்குள் நுழைகிறார்கள். பாய்ம இயக்கவியல் கசக்கும். அதைத் தப்பித்துப் போக வழியில்லை. நிரலும் வேண்டும். 1950-களில் பிறந்த ஃபோர்ட்ரான் மொழியில்தான் பெரிய மாதிரிகள் இன்னும் பெரும்பாலும் ஓடுகின்றன. படம் வரையப் பைத்தான். மீக்கணினியில் நம் வேலையைக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருப்பதற்குப் பொறுமையும் வேண்டும். அதற்கு மட்டும் எங்கும் பாடத்திட்டம் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் இப்போது இன்னொன்றையும் கற்க வேண்டியிருக்கிறது. 2023-இல் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட ‘கிராஃப்காஸ்ட்’ எந்தச் சமன்பாட்டையும் தீர்ப்பதில்லை. 39 ஆண்டு வானிலையைப் படித்து மனத்தில் வைத்துக்கொண்டு, பத்து நாள் கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறது. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய மையம் இவ்வகைச் செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றைத் தினசரிப் பணியிலேயே சேர்த்துவிட்டது. இனி மாடலர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் அது படித்த பாடநூல் எது? ‘ஈரா5’ என்ற மறு ஆய்வுத் தொகுப்பு: பழைய பலூன், விமான, செயற்கைக்கோள் அளவீடுகளை எல்லாம் பழைய பாணி இயற்பியல் மாதிரிக்குள் உள்வாங்கித் தயாரித்தது. இன்றைய கணிப்பைத் தொடங்கவும் இன்றைய காற்றின் படம் வேண்டும். அதுவும் அதே தரவு உள்வாங்கலிலிருந்துதான் வருகிறது. ஈரா5-இன் கட்டம் 31 கிலோமீட்டர். காயல்பட்டினமும் திருச்செந்தூரும் ஸ்ரீவைகுண்டமும் அதில் ஓரிரு பெட்டிகளுக்குள் அடங்கிவிடும். ஆகவே, மேகத்தூண்களைச் சூத்திரமில்லாமல் நேரடியாகவே காட்டும் கிலோமீட்டர் அளவு மாதிரிகளைப் பல ஆண்டுகளுக்கு ஓட்டி, அடுத்த தலைமுறை நுண்ணறிவுக்கு அதைவிட நல்ல பாடநூல் எழுதும் வேலையில் பல குழுக்கள் இறங்கியிருக்கின்றன. அந்த மாதிரிகளில் காலப்படி சில நொடிகள்தான்.